சிரட்டையில் சுக்குவெள்ளம்: சிவாலய ஓட்டத்தின் நடுச்சாமக் கடை

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாசி சிவராத்திரிக்குக் குமரி மாவட்டத்தில் சிவாலய ஓட்டம் போகலாம் என்றிருக்கிறேன். பாதை புதிது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு கடையில் நடுச்சாமத்தில் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) சுக்குவெள்ளம், அதாவது சுக்குத் தண்ணீர், கொடுப்பார்களாம்; உட்கார விடமாட்டார்களாம்; காசு வாங்காமல் அடுப்பை வீசச் சொல்வார்களாம். இது கதையா, நிஜமா? வழியில் கிடைப்பதை நம்பி வெறுங்கையோடு கிளம்பலாமா?"

நிஜம்தான். ஆனால் பலகை பார்த்துத் தேடினால் அகப்படாது, ஏனென்றால் அங்கே பலகையே இல்லை. திற்பரப்பில் தொழுதுவிட்டு, குலசேகரம் கடந்து திருநந்திக்கரைக்குத் திரும்புகிற வழியில், சாலையோரம் ஓர் ஓலைச்சார்ப்பும் இரண்டு மண்ணடுப்பும் இருக்கும். இருட்டில் முதலில் தெரிவது அடுப்பின் வெளிச்சம்தான். அதற்கும் முன்னால் சுக்கும் கருப்பட்டியும் கொதிக்கிற வாசனை வந்துவிடும்.

கடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாதையைச் சொல்லிவிடுகிறேன். முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும். பன்னிரண்டும் சிவாலயங்கள். எல்லாம் பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களுக்குள் அடங்கியவை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மண். மொத்தத் தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். சிவராத்திரிக்கு முந்தைய நாள் பிற்பகல் திருமலையில் கிளம்பினால் சிவராத்திரி இரவில் நட்டாலம் சேரலாம். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, அதன் காம்பில் கட்டிய சிறு துணிப்பை, வாயில் "கோவிந்தா! கோபாலா!" என்ற கூவல். இப்படிப் போகிறவர்களை ஊரில் கோவிந்தன்மார் என்பார்கள். கோயில்தோறும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈர வேட்டியோடு கும்பிட்டு, சுவாமிக்கு விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும்.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் எதற்காகப் பெருமாள் பெயரைக் கூவுகிறான் என்று வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். அதற்குள்தான் இந்தக் கடைகளின் நியாயமும் ஒளிந்திருக்கிறது. பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகம் அசையாத சிவபக்தி கொண்டது. திருமாலின் பெயர் காதில் விழுந்தால் சீறிப் பாயும். அதை அழைத்துவரப் பீமன் போகிறான். கண்ணன் அவன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறான். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவியபடி ஓட, புருஷாமிருகம் துரத்துகிறது. பிடிபடப் போகிற நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது விழுந்த இடத்தில் லிங்கமாகிறது. லிங்கத்தைக் கண்ட பிறகு புருஷாமிருகத்தால் தாண்டிப் போக முடியுமா? நின்று, நீராடி, பூசை முடித்துவிட்டுத்தான் மறுபடி துரத்தும். அந்த இடைவெளியில் பீமன் தப்பிக்கிறான். இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் ஒரு கால் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே என்ற நிலையில் பீமன் பிடிபட, வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பாராமல், உடம்பில் பாதி புருஷாமிருகத்துக்கு என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். பிறகு அரியும் அரனும் ஒன்றே என்று சங்கரநாராயணக் கோலம் காட்டப்படுகிறது. நட்டாலத்தில் அந்தச் சங்கரநாராயணரைத்தான் நீங்கள் கடைசியாகக் கும்பிடப் போகிறீர்கள்.

கதையைக் கவனித்தால், பீமனைக் காப்பாற்றியது அவன் வேகம் இல்லை. துரத்தியவன் நின்ற நேரங்கள்தான். ஓட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இதன் கணக்கெல்லாம் எங்கே நிற்கிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. புதிதாக வருகிற இளைஞர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திக்குறிச்சி வரை பாய்ந்து போவார்கள். பொன்மனையில் பார்த்தால் திண்ணையில் கால் நீட்டிக் கிடப்பார்கள்.

இனி அந்தக் கடை. ஆண்டின் மற்ற நாட்களில் அது ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் சாயாக்கடை. விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஒழுகும்; வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வேலைக்கு இறங்குகிற நேரம் மற்ற ஊர்களில் நடுத்தூக்கம். அவர்களுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுக்கிற கடைகளும் அதே நேரத்தில் திறக்கும். சிவராத்திரி வருகிற பருவமோ ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கிற பருவம். பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றிருக்கும். கடைக்கும் வியாபாரம் இருக்காது. நடுச்சாமத்தில் எழுந்து பழகிய கைகளுக்கு அந்த ஓர் இரவு வேலை வந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

சிரட்டை விஷயத்தைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். இங்கே ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருப்பதும் சிரட்டைதானே, அதில் குடிக்கக் கொடுக்கிறார்களா என்று. அது வேறு, இது வேறு. சுற்றியுள்ள வீடுகளில் தேங்காய் துருவி முடித்த சிரட்டையை எறியாமல் சாக்கில் சேர்த்து வைப்பார்கள். கண் இருக்கிற பாதி ஒழுகும், ஆகாது. கண் இல்லாத பாதியை மட்டும் பொறுக்கி, மேல்நாரை உடைந்த கண்ணாடித்துண்டால் சுரண்டி, கழுவி வெயிலில் காயவைத்து சிவராத்திரிக்கு முன் கொண்டுவந்து கொடுப்பார்கள். எஃகு டம்ளரில் கொதிக்கிற சுக்குவெள்ளத்தை வாங்கினால் கை சுடும். ஊதி ஊதிக் குடிக்க நேரமாகும். சிரட்டை சூட்டைக் கைக்கு விடாது. அடிப்பாகம் உருண்டை என்பதால் கீழே வைக்கவும் முடியாது. வாங்கினால் குடித்து முடிக்கிற வரை கையில்தான் பிடித்திருக்க வேண்டும். குடித்ததும் அதை அடுப்புக்குள் எறிந்துவிட வேண்டியதுதான். சிரட்டைத் தீயின் உக்கிரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் குடித்த சிரட்டையில் உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் சுக்குவெள்ளம் கொதிக்கும். கழுவுகிற வேலை கிடையாது, மறுநாள் பொறுக்க வேண்டிய குப்பையும் கிடையாது.

விளம்புகிற அம்மைக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். தூரத்தில் "கோவிந்தா" கேட்டதுமே அகப்பையை எடுத்துவிடுவார். நீங்கள் போய்ச் சேரும்போது சிரட்டை நீட்டப்பட்டிருக்கும். பேச்சு மிகக் குறைவு. "குடியுங்கள் மக்களே, உட்காராதீர்கள்" என்பதோடு சரி. பெஞ்சைச் சுவரோடு தலைகீழாகச் சாய்த்து வைத்திருப்பார். இரண்டு காரணம். திற்பரப்பில் கோதையாற்றில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு வந்த உடம்பு அது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் தொடைத்தசை விறைத்து, எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வரும். தூங்கியவனை எழுப்பி அனுப்புகிற பாவத்தை யார் சுமப்பது என்று கேட்பார்.

காசு நீட்டினால் விசிறியைப் பார்ப்பார். கூலி அதுதான்: போவதற்கு முன் அடுப்பை நாலு வீசு வீச வேண்டும். இதற்கு ஒரு முறை வயதான கோவிந்தர் ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். சுவாமிக்கு வீசிய விசிறியால் சாயாக்கடை அடுப்பை வீசுவதா என்று. "அதில் எரிவதும் அக்கினி பகவான்தானே அண்ணாச்சி, அவருக்கு வேர்க்காதா?" என்றார் அம்மை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கோபம் குறையாமலேதான் வீசினார், தீ பற்றிக்கொண்டது. விசிறியை எப்படி மதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனாலும் அடுத்தவனுக்கு வெந்நீர் ஆறாமல் பார்த்துக்கொள்கிற வீச்சில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. கண்டிப்பானவர்கள் சும்மா கும்பிட்டுவிட்டுப் போகலாம், யாரும் தடுப்பதில்லை.

சுக்குவெள்ளத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்றும் பலர் கேட்கிறார்கள். தட்டிய சுக்கு, கருப்பட்டி, கொத்தமல்லி விதை, கொஞ்சம் நல்லமிளகு, துளசி. கடைசியில் கல்லுப்பு ஒரு சிட்டிகை. அந்த உப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரவெல்லாம் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், அதற்கும் மிஞ்சினால் புத்தி தடுமாறும். தாகம் என்று நினைத்து அப்போதும் தண்ணீரையே ஊற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வேண்டும், அதோடு உப்பும் வேண்டும். கஞ்சிப்பானையின் மேல்நீரை உப்புப் போட்டுக் கொடுக்கிற வீட்டை வழியில் கண்டால் விடாதீர்கள்.

வெறுங்கையோடு போகலாமா என்பது இரண்டாவது கேள்வி. சாப்பாட்டைப் பொறுத்தவரை தாராளமாகப் போகலாம். இந்தப் பாதையில் பசித்து விழுந்தவன் இல்லை. வழியோரச் சோறு இங்கே நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. நீங்கள் கிளம்புகிற முன்சிறைக்குப் பக்கத்திலேயே பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் அரசன் கருநந்தடக்கன் 866-இல் அங்கே விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலும் சாலை என்ற கல்விக்கூடமும் ஏற்படுத்தி, 95 மாணவர்கள் தங்கி உண்டு படிக்க நிலம் விட்டதைச் செப்பேடு சொல்கிறது. கோயில் கட்டுவதற்கான இடத்தை அவன் முன்சிறைச் சபையாரிடமிருந்துதான் வாங்கினான், பதிலுக்கு வேறு நிலம் கொடுத்து. ஏழாவது கோயிலான கல்குளத்து நீலகண்டசுவாமி கோயில் பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. அங்குள்ள அரண்மனையின் ஊட்டுப்புரையில் ஆயிரம் பேருக்கு இலை போடலாம் என்பார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பரணிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். ஓடுகிற நாளில் உள்ளே போய்ப் பார்க்க நேரம் இருக்காது. ஆசைப்பட்டால் தனியாக ஒரு நாள் வாருங்கள். திருநந்திக்கரையில் கோயிலை ஒட்டிய குடைவரையும் அப்படித்தான். உள்ளே பழைய ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. நீங்கள் போகிற நேரம் கும்மிருட்டு.

இரவுப் பந்தல்கள் எல்லாம் சூடு, பகல் பந்தல்கள் எல்லாம் குளிர்ச்சி என்று பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சுக்குவெள்ளம், கருப்பட்டிக் காப்பி, சூடான கஞ்சியும் பயறும். விடிகிற நேரத்தில் பொன்மனை தாண்டிய வீட்டு முற்றங்களில் அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கிடைக்கும், உள்ளி சேர்க்காத காந்தாரிமிளகுச் சம்மந்தியோடு (துவையலோடு). திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரவலாக்கியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்தப் பக்கத்துக் குடும்பங்களைக் கிழங்குதான் காப்பாற்றியது. கிழங்கை இரண்டு துண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். வயிற்றில் கல்லைக் கட்டியதாகிவிடும், அடுத்த குளத்தில் முங்கும்போது தெரியும். ஓட்டத்துக்கு ஏற்றது மட்டிப்பழம். சிறியது, நல்ல மணம், இரண்டு கடியில் முடிந்துவிடும். குமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விரதத்தில் சமைத்தது எதையும் தொடாதவர்களுக்குப் பந்தல்காரர்களே பழமும் இளநீரும் தனியாக வைத்திருப்பார்கள். வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்பட்டால் பட்டினிதான்.

உண்மையான சோதனை மேலாங்கோட்டுக்குப் பிறகு வருகிறது. அதுவரை மரநிழலும் ஈரக்காற்றும் துணைக்கு வரும். திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு என்று போகும்போது உச்சி வெயில், கீழே தார்ச்சாலை. பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். இந்தப் பகுதியில் மோர்ப்பந்தல்கள் நெருக்கமாக இருப்பதற்கு அதுதான் காரணம். மோர், பானகம், தர்ப்பூசணி கிடைக்கும். சில வீடுகளில் சாலையிலேயே தண்ணீர் தெளித்துச் சூடு தணிப்பார்கள். ஐஸ்கட்டி மிதக்கிற சர்பத் கொடுக்கிற பந்தல்களை நான் தாண்டிப் போய்விடுவேன். கொதிக்கிற உடம்பில் அது இறங்கினால் வயிறு சுருட்டிப் பிடிக்கும்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இப்போது காரிலும் பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டு கோயிலைப் பார்க்கிறவர்கள் மிகுந்துவிட்டார்கள். முடியாதவர்கள், வயதானவர்கள் வாகனத்தில் வருவதில் எந்தக் குறையும் இல்லை. பைக்கை நடுவழியில் நிறுத்திப் பந்தலை அடைத்துக்கொண்டு நின்று, பின்னால் கால் கொப்பளித்து வருகிறவனுக்கு இடம் விடாத கூட்டத்தைத்தான் சொல்கிறேன். பிளாஸ்டிக் கோப்பைகள் வேறு. சில பந்தல்களின் முன்னால் மறுநாள் காலையில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும், ஓடையிலும் இறங்கிவிடும். ஒலிபெருக்கி வைத்த பந்தல்களில் "கோவிந்தா" கூவல் யார் காதிலும் விழுவதில்லை. வருகிறவனைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஊற்றவே தொடங்குகிறார்கள். சிரட்டைக் கடையில் ஒலிபெருக்கி கிடையாது. சத்தம் எவ்வளவு தூரத்தில் என்று கேட்டு விறகைத் தள்ளுகிற இடத்தில் பாட்டுப்பெட்டி எதற்கு?

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். சிறு பொட்டலத்தில் உப்பு. ஒரு குப்பி தேங்காயெண்ணெய்: ஈர வேட்டி தொடையிடுக்கை உரசி உரசிப் புண்ணாக்கும், முதல் கோயிலிலேயே தடவிக்கொள்ளுங்கள், புண்ணான பிறகு தடவிப் பயனில்லை. உலர்ந்த துவர்த்து (துண்டு) ஒன்று. சின்ன டார்ச், ஏனென்றால் கடைகள் இருக்கிற தோட்டப் பகுதிகளில் தெருவிளக்கு எல்லா இடத்திலும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் இந்த விரதத்திலும் ஓட்டத்திலும் இறங்க வேண்டாம். பந்தலில் கொடுப்பது பெரும்பாலும் கருப்பட்டி, இனிப்பு, பழம். சர்க்கரைக்காரருக்கு அது தொல்லை.

கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், குலசேகரத்தைத் தாண்டியதும் கூட்டத்தைவிட்டு விலகாமல் போங்கள். பழைய கோவிந்தன்மார் எங்கே வேகத்தைக் குறைக்கிறார்களோ அங்கே அடுப்பு இருக்கும். அம்மைக்கு உடம்புக்கு முடியாத ஆண்டில் அவர் மகள் அகப்பையைப் பிடித்தார். அவர் பேச்சு இன்னும் குறைவு. பெஞ்ச் அதே தலைகீழ்தான். புகைப்படம் எடுக்க வேண்டுமானால் முதலில் கேளுங்கள். நெருப்பு வெளிச்சத்தில் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்த ஒருவருக்கு அகப்பையைக் காட்டியதை நான் அறிவேன்.

நட்டாலத்தில் மகாதேவரையும் சங்கரநாராயணரையும் தொழுத பிறகு இரவு முழுக்கக் கண்விழிக்கிறவர்கள் அங்கேயே இருப்பார்கள். ஊருக்குத் திரும்புவதென்றால் பக்கத்தில் மார்த்தாண்டம். அங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் உண்டு. பள்ளியாடியிலும் குழித்துறையிலும் ரயில் நிலையம் இருக்கிறது. மதுரைக்கு ரயிலில் போவதாக இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மேல் பெர்த் மட்டும் வேண்டாம், அன்றைக்கு உங்களால் ஏற முடியாது.